டப்பாவுக்குள் என்ன இருந்தது? – நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய விளம்பரங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

மெல்போர்னில் மகள் வீட்டில் இருப்பதால் பகலில் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ‘ட்ரோவ்’ என்ற இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நம் ஊரில் இருந்தபடியே நீங்களும் பார்க்கலாம். பழைய செய்திகளைப் படிக்கலாம் என்று உள்ளே போனவள், விளம்பரங்களைத் தாண்டி வர முடியவில்லை. வகுப்பில் உங்களுக்கு ராஜாக்களையும் போர்களையும் நடத்தினேன். ஒரு சாதாரணக் குடும்பம் எதை வாங்கியது, எதற்குப் பயந்தது, யாரை நம்பியது என்பதெல்லாம் அந்தப் பாடப் புத்தகத்தில் இல்லை. விளம்பரத்தில் இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில் உள்ள விக்டோரியா மாநிலம், 1851-இல் பிரிட்டனின் தனிக் காலனி ஆனது. ராணியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதே வருடம் அங்கே தங்கம் கிடைத்தது. சுமார் 77,000 பேர் இருந்த இடத்தில் பத்தே வருடத்தில் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் பேர் ஆகிவிட்டார்கள். தங்கம் தோண்டப் போனவர்கள் கூடாரத்தில் குடியிருந்தார்கள். குடிக்கக் கலங்கல் தண்ணீர். வயிற்றுக்கடுப்பு, கண்நோய், ஆறாத கால் புண். டாக்டர் தொலைவில் இருப்பார். இருந்தாலும் அவருக்குக் கொடுக்கக் காசு இருக்காது. ஆனால் செய்தித்தாள் மட்டும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். மெல்போர்னில் 1846-இல் தொடங்கிய ‘ஆர்கஸ்’, 1854-இல் தொடங்கிய ‘ஏஜ்’ ஆகிய இரண்டும் பெரிய நாளிதழ்கள். இன்றைக்கு நாம் பார்க்கிற மாதிரி முதல் பக்கத்தில் தலைப்புச் செய்தி இருக்காது. முதல் பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் விளம்பரங்கள்தான். உள்பக்கங்களிலும் பத்தி பத்தியாக விளம்பரங்கள் தொடரும்.

வீட்டுச் சாமான்களை முதலில் பார்ப்போம். இங்கிலாந்திலிருந்து கப்பல் வந்து சேர்ந்ததும் கடைக்காரர்கள் பட்டியல் போடுவார்கள்: மெழுகுவர்த்தி, சோப்பு, துணிக்குப் போடும் கஞ்சி மாவு, கடுகுத் தூள், கோகோ, தேயிலை, இரும்பு அடுப்பு. வெள்ளைத் துணிக்கு நாம் போடுகிற நீலம் அங்கேயும் உண்டு. மூட்டைப்பூச்சிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ‘கீட்டிங்ஸ்’ பொடி. கொஞ்ச காலம் போனதும் தையல் மெஷின் வருகிறது. அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி 1856-இலேயே தவணை முறையைக் கொண்டுவந்துவிட்டது. நம் அம்மாக்களும் அத்தைகளும் சீட்டுப் பணத்தில் தையல் மெஷின் வாங்கியது நினைவுக்கு வருகிறதா?

இந்தச் சாமான்களில் ஏமாற்று இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோப்பு நுரைக்காவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். மெழுகுவர்த்தி எரியாவிட்டால் அடுத்த முறை வேறு மெழுகுவர்த்தி வாங்குவோம். மருந்து அப்படி இல்லை. காய்ச்சல் தானாகவே மூன்று நாளில் இறங்கினாலும் பெயர் மருந்துக்குத்தான் போகும். இறங்காவிட்டால் ‘இன்னும் ரெண்டு டப்பா சாப்பிட்டிருக்க வேண்டும்’ என்போம். ஜின் என்கிற சாராயத்தைக்கூட மருந்து என்று சொல்லி விற்றார்கள். ‘வுல்ஃப்ஸ் ஷ்னாப்ஸ்’ என்று பெயர். சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் நல்லது என்று ஆஸ்திரேலியக் காலனிகளின் பத்திரிகைகளில் வருடக்கணக்கில் விளம்பரம் வந்தது.

இவற்றுக்கெல்லாம் ‘பேடண்ட் மருந்து’ என்று பொதுப்பெயர். பேடண்ட் என்றால் காப்புரிமை. காப்புரிமை வாங்க வேண்டுமானால் செய்முறையை வெளியே சொல்லியாக வேண்டும். இந்த வியாபாரிகளில் பெரும்பாலோர் காப்புரிமை பக்கமே போகவில்லை. போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே! டப்பாவின் பெயரையும் படத்தையும் மட்டும் காப்பாற்றிக்கொண்டார்கள். செய்முறை ரகசியம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த வியாபாரத்தின் ராஜா தாமஸ் ஹாலோவே. லண்டனில் 1837-இல் ஒரு களிம்பை விற்கத் தொடங்கினார், பிறகு மாத்திரையும் சேர்த்துக்கொண்டார். ஆரம்பத்தில் விளம்பரக் கடனைக் கட்ட முடியாமல் கடனாளிகள் சிறைக்கும் போனார். ஆனாலும் விளம்பரத்தை விடவில்லை. 1842-இல் விளம்பரத்துக்கு மட்டும் 5,000 பவுண்டு செலவழித்தார். 1883-இல் அவர் இறக்கும்போது அது வருடத்துக்கு 50,000 பவுண்டு. மருந்தோடு வரும் வழிமுறைச் சீட்டைச் சீனம், துருக்கி, அரபு மொழிகளிலும் இந்திய மொழிகள் பலவற்றிலும் அச்சிட்டார். அவர் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் பெயருக்கு முன்னால் ‘புரொஃபசர்’ என்று போட்டுக்கொண்டார்.

ஆஸ்திரேலியக் காலனிகளில் அவர் செய்த ஒரு வேலையைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். அப்போது அங்கே சில்லறைக் காசுக்குப் பெரிய தட்டுப்பாடு. கடைக்காரர்கள் தாங்களே செப்பு வில்லைகளை அடித்து, பென்னிக்குப் பதிலாகப் புழங்கவிட்டார்கள். ஹாலோவேயும் 1857, 1858 என்று வருடம் போட்டுத் தன் பெயரில் வில்லைகள் அடித்தார். ஒரு பக்கம் அவருடைய முகம். மறுபக்கம் ஆரோக்கிய தேவதையும் மாத்திரை, களிம்பு என்ற எழுத்துகளும். ராணியின் தலை இருக்க வேண்டிய இடத்தில் மாத்திரைக்காரரின் தலை! ரொட்டி வாங்கப் போகிறவர் கையிலும் விளம்பரம்.

அவருடைய பத்திரிகை விளம்பரங்கள் பெரும்பாலும் கடித வடிவில் இருக்கும். இன்ன ஊரில் இன்னாருக்குப் பல வருடமாகக் காலில் புண், எந்த ஆஸ்பத்திரியும் கைவிட்டுவிட்டது, ஹாலோவே களிம்பு தடவினார், குணமாகிவிட்டது. அந்த ஊரோ பல ஆயிரம் மைல் தள்ளி இருக்கும். யார் போய் விசாரிப்பது?

அந்தப் பணத்தில் அவர் லண்டனுக்கு அருகே பெண்களுக்காக ஒரு பெரிய கல்லூரி கட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1886-இல் விக்டோரியா ராணியே வந்து திறந்துவைத்தார். இன்றும் ராயல் ஹாலோவே என்ற பெயரில் லண்டன் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கிறது. கல்லூரி நல்லது என்பதால் மாத்திரை நல்லது ஆகிவிடாது. மாத்திரை ஏமாற்று என்பதால் அங்கே படித்த பெண்களின் படிப்பும் பொய்யாகிவிடாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழக வேண்டும்.

அடுத்தவர் தாமஸ் பீச்சம். சிறுவயதில் ஆடு மேய்த்தவர். இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் கடை வைத்தார். ஒரு டப்பா ஒரு கினி பெறும் என்பது அவருடைய விளம்பர வாசகம். கினி என்றால் 21 ஷில்லிங். விலையோ ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. ஏறக்குறைய பத்தொன்பது மடங்கு மதிப்புள்ள பொருள் மலிவாகக் கிடைக்கிறது என்று தோன்ற வைக்கிற தந்திரம். இந்த மாத்திரை எதற்கெல்லாம் என்று பட்டியல் வரும்: வாயு, தலைவலி, தலைச்சுற்றல், பசியின்மை, மூச்சிரைப்பு, மலச்சிக்கல், தோலில் தடிப்பு, தூக்கமின்மை, பயங்கரக் கனவு. ஆமாம், கெட்ட கனவுக்கும் அதே மாத்திரைதான்.

உள்ளே என்ன இருந்தது? பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இப்படிப்பட்ட ரகசிய மருந்துகளைச் சோதித்து 1909-இல் ஒரு புத்தகம் போட்டது. பீச்சம் மாத்திரையில் இருந்தவை மூன்று: கரியபோளம், இஞ்சி, சோப்பு. கரியபோளம் உங்கள் பாட்டிகளுக்குத் தெரியும். சோற்றுக்கற்றாழைப் பாலைக் காய்ச்சி இறுக்கியது, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வீக்கத்துக்குப் பற்றுப் போடுவோம், குழந்தைக்குப் பால் மறக்கடிக்கவும் தடவுவார்கள். உள்ளே சாப்பிட்டால் பேதியாகும். ஆக, அது ஒரு பேதி மாத்திரை.

இப்போது ஒரு கணக்கு. 56 மாத்திரை உள்ள டப்பாவில் இருக்கும் சரக்கின் விலை அரை ஃபார்தங் என்று அந்தப் புத்தகம் கணித்தது. ஒரு பென்னிக்கு நான்கு ஃபார்தங். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. டப்பாவின் விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி, அதாவது பதின்மூன்றரைப் பென்னி. அப்படியானால் விலை சரக்கைப் போல எத்தனை மடங்கு? பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். விடை 108. டப்பா, ஆள் கூலி, கப்பல் கூலி எல்லாம் போக மிச்சத்தில் பெரும்பகுதி விளம்பரத்துக்குப் போனது. மருந்தின் விலையைவிட அதைப் பற்றிய பேச்சின் விலைதான் அதிகம்.

சரி, பேதி மாத்திரையால் பெரிய கெடுதல் என்ன என்று கேட்பீர்கள். இனி வருவது வேறு ரகம்.

‘குளோரோடைன்’ என்ற மருந்தைக் கண்டுபிடித்தவர் காலிஸ் பிரவுன் என்ற ராணுவ டாக்டர். இந்தியாவில் வேலை பார்த்தபோது காலராவுக்காக அதைத் தயாரித்தார். 1856-இல் டாவன்போர்ட் என்ற மருந்துக்காரர் வழியாக விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தவை அபின் சத்து, கஞ்சா, குளோரோஃபார்ம். வயிற்றுப்போக்கு நிற்கும், இருமல் நிற்கும், வலி தெரியாது. பழக்கமும் பிடித்துக்கொள்ளும். அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும்.

இதே பெயரில் ஃப்ரீமேன் என்பவரும் விற்றதால் வழக்கு நடந்தது. 1864-இல் லண்டன் நீதிபதி, உண்மையில் கண்டுபிடித்தவர் பிரவுன்தான் என்று சொன்னார். அன்றிலிருந்து பல வருடங்களுக்கு பிரவுன் மருந்தின் விளம்பரத்தில் நீதிபதியின் பெயரும் தேதியும் வந்தன. காலனியில் எங்கோ ஒரு மூலையில் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? கோர்ட்டே நல்ல மருந்து என்று சொல்லிவிட்டது என்றுதானே? கோர்ட் சொன்னது யார் கண்டுபிடித்தார் என்பதை மட்டும். அது உடம்புக்கு நல்லதா என்ற கேள்வியே அந்த வழக்கில் இல்லை. உண்மையான தகவலை வைத்தே ஒருவரைத் தவறான முடிவுக்குக் கூட்டிப்போக முடியும். இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள்.

மனதைப் பிசைந்தது இன்னொரு விளம்பரம். ‘மிசஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’. அமெரிக்காவிலிருந்து வந்த குழந்தை மருந்து. காலனிப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வரும். பல் முளைக்கும் குழந்தைக்கு வலி போய்விடும், இயல்பாகத் தூங்கும், தாய்க்கும் ஓய்வு கிடைக்கும் என்று தாய்மார்களைப் பார்த்தே பேசும். பெயரிலேயே ஒரு அனுபவசாலியான பாட்டியம்மா. விளம்பரப் படங்களில் சிரித்த முகத்தோடு தாயும் சேயும்.

உள்ளே இருந்தது மார்ஃபின். ஒரு அவுன்ஸில் சுமார் 65 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி ஐந்து மில்லி என்று வைத்தால் பத்து மில்லிகிராமுக்கும் மேல் வருகிறது. பெரிய ஆளுக்கு வலி தாங்க ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடுகிற அளவு ஏறக்குறைய அது. குழந்தை தூங்கத்தான் செய்யும். சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதைக் ‘குழந்தைக் கொல்லி’ என்ற தலைப்பின் கீழ் வைத்தது.

அந்தத் தாய்மார்களைப் படிக்காதவர்கள் என்று ஒதுக்காதீர்கள். விளம்பரத்தைப் படித்து வாங்கியவர்கள் அவர்கள். படிக்கத் தெரிந்ததால்தான் அந்த வலையில் விழுந்தார்கள். பாட்டில் மேல் மார்ஃபின் என்று ஒரு சொல் இருந்திருந்தால் எத்தனை பேர் கை நடுங்கிக் கீழே வைத்திருப்பார்கள்! அந்த ஒரு சொல்லை மறைத்ததுதான் குற்றம்.

அப்படியானால் பத்திரிகைகள் ஏன் சொல்லவில்லை? ஊழலைக் கண்டித்தும் அரசைத் தட்டிக்கேட்டும் நீளநீளமான தலையங்கங்கள் எழுதியவர்கள்தானே? காரணம் எளிது. செய்தித்தாளுக்கு விளம்பரம் பெரிய வருமானம். அதில் வருடம் முழுக்கத் தவறாமல் வருகிறவர்கள் மருந்துக்காரர்கள். இது எந்த அளவுக்குப் போனது என்பது அமெரிக்காவில் வெளிப்பட்டது. சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர் 1905-இல் ‘காலியர்ஸ்’ வார இதழில் ஒரு தொடர் எழுதினார். மருந்துக் கம்பெனிகள் பத்திரிகைகளோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த மாநிலத்தில் இந்த மருந்துகளுக்கு எதிராகச் சட்டம் வந்தால் விளம்பர ஒப்பந்தம் ரத்து! அப்படியானால் சட்டம் வராமல் பார்த்துக்கொள்வது யார் வேலையாகிறது? பத்திரிகை முதலாளியின் வேலை. பொய் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும்.

எல்லாமே மோசடி என்று சொல்லிவிட்டால் அதுவும் நியாயம் இல்லை. 1890-களில் ‘டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் மாத்திரை’ ஆஸ்திரேலியப் பத்திரிகைகளை நிறைத்தது. செய்தி போலவே தொடங்கும். பாதி படித்த பிறகுதான் அது விளம்பரம் என்று தெரியும். பக்கவாதம் வரைக்கும் குணமாகும் என்று சொன்னது பொய். ஆனால் அதில் இரும்புச் சத்து இருந்தது. ரத்தசோகையால் வெளுத்துப்போன பெண்களுக்கு இரும்புச் சத்து பலன் தரும்தான். கொஞ்சம் உண்மை இருந்ததால்தான் அதைச் சுற்றியிருந்த பொய்யையும் விற்க முடிந்தது.

முற்றிலும் நேர்மாறான ஒரு உதாரணமும் விக்டோரியாவிலேயே இருக்கிறது. மெல்போர்னின் ரிச்மண்ட் பகுதியில் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்துக்கடைக்காரர் இருந்தார். அரசுத் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர் ஊக்கம் கொடுக்க, 1850-களில் உள்ளூர் மரத்தின் இலையைக் காய்ச்சி வடித்துத் தைலம் எடுத்தார். கிளிப் படம் போட்ட பாட்டிலில் இன்றும் அது விற்பனையில் இருக்கிறது. என்ன மரம் என்று ஊகித்துவிட்டீர்களா? யூகலிப்டஸ்தான். நாம் ‘நீலகிரித் தைலம்’ என்று சொல்வது இந்தத் தைலத்தைத்தான். மரம் ஆஸ்திரேலியாவினுடையது. 1840-களில் ஊட்டிப் பக்கம் கொண்டுவந்து நட்டதால் நமக்கு அது நீலகிரி மரம் ஆகிவிட்டது. அந்தத் தைலத்தைப் பற்றியும் அதிகப்படியாகப் புகழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. மறைக்க ஒன்றும் இல்லை.

கடைசியில் மாற்றம் எப்படி வந்தது? விக்டோரியாவில் 1905-இல் தூய உணவுச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1906-இல் வந்த சட்டம், அபின், மார்ஃபின், சாராயம் போன்றவை இருந்தால் லேபிளில் போட்டே ஆக வேண்டும் என்றது. ஆஸ்திரேலிய அரசு, ஆக்டேவியஸ் பீல் என்பவரை விசாரணைக்கு நியமித்தது. அவர் டாக்டர் இல்லை, சிட்னியில் பியானோ செய்து விற்றவர். ரகசிய மருந்துகளையும் உணவுகளையும் பற்றி 1907-இல் பெரிய அறிக்கை கொடுத்தார். பிரிட்டனில் நாடாளுமன்றக் குழுவும் விசாரித்து அறிக்கை தந்தது. அது வெளிவந்த நாள் 1914 ஆகஸ்ட் 4, முதல் உலகப் போரில் பிரிட்டன் இறங்கிய நாள். போர்ச் சத்தத்தில் அதை யார் கவனிப்பார்கள்? நல்ல வேலைகள் இப்படித் தாமதமாவதும் வரலாறுதான்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. புற்றுநோய், நீரிழிவு போன்ற நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். பலருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததுதான் காரணம். பெயர் வேண்டாம். அவருக்குச் சர்க்கரை நோய். போனில் வந்த வீடியோவைப் பார்த்து ஒரு பொடி வாங்கினார். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் காலில் புண் வந்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பார்க்கப் போனபோது அந்தப் பொடி டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இருப்பது என்ன என்ற இடத்தில் ‘அரிய மூலிகைகள்’ என்று மட்டும் இருந்தது. வீடியோவில் ஒரு டாக்டர் கோட்டு, குணமானதாகச் சொல்லும் நான்கு பேர், அவர்கள் ஊர் எங்கோ தூரத்தில். ஹாலோவே செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் காசு கொடுத்து அச்சடித்தார். இன்றைக்கு நாமே இலவசமாக ஃபார்வர்டு செய்கிறோம்.

அதனால் பிள்ளைகளே, எந்த மருந்து விளம்பரம் வந்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பெயர் சொல்லி, அளவு சொல்லி எழுதியிருக்கிறதா? ஒரே மருந்து பத்து நோய்க்கு என்கிறதா? குணமானவர் என்று காட்டுகிறவரை நீங்கள் போய்ப் பார்க்க முடியுமா? கோர்ட், விருது, சான்றிதழ் என்று காட்டினால், அது எதற்காகக் கொடுக்கப்பட்டது? இதைச் சொல்கிற பத்திரிகைக்கோ சேனலுக்கோ பணம் எங்கிருந்து வருகிறது? ஐந்துக்கும் பதில் கிடைக்காவிட்டால் அந்த டப்பா வீட்டுக்குள் வர வேண்டாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.

இன்று ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் தைலம், டானிக், பொடி எதையாவது எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பதை அப்படியே கமெண்டில் போடுங்கள். கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தாக இருந்தால் அதையும் எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்தப் பதிவைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்